இரத்தலும் இரங்கலும்: எட்டு வார இணையவழித் தியானப் பயிற்சி, ஒரு மதிப்புரை

இயேசு மலைமேல் ஆற்றிய பேருரையான மலைப்பொழிவின் முதல் வாக்கியத்தை மையமாக வைத்து எட்டு வாரங்கள் தியானிக்கச் செய்யும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் நிறைவு செய்தேன். அதை நடத்தும் குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறையாகச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. மேலும், இதே அமைப்பில் வேறு பல குழுக்களும் பயிற்சி நடத்துவதால், அவற்றில் எதில் சேர நினைப்பவருக்கும் இந்த மதிப்புரை பயன்படக்கூடும். பயிற்சியின் தலைப்பு ஆன்மிக ஏழ்மையும் பிறர்மீது கொள்ளும் இரக்கமும் என்பது. தலைப்பில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் பயிற்சிக்குள்ளும் ஒன்றாகவே நிற்கின்றனவா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டுதான் இதை எடைபோடுகிறேன்.

முதலில் அமைப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு விவிலியப் பகுதியும் 20 நிமிட ஒலிப்பதிவு ஒன்றும் வந்து சேரும். அவற்றைக் கொண்டு ஒரு மணி நேரம் தனியாகச் செபிக்க வேண்டும். இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆன்ம ஆய்வு செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வழிகாட்டியுடன் 45 நிமிடம் தனியே பேசலாம். இவற்றோடு பங்கேற்பாளர் அனைவருக்கும் பொதுவான ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) தொகுத்து, திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்த ஆன்மிகப் பயிற்சிகளே இதன் அடித்தளம். முழு வடிவில் அது ஏறத்தாழ 30 நாள் தனிமையைக் கேட்பது. ஆயினும், பொறுப்புகளை விட்டு விலக இயலாதவர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அன்றாட வாழ்வுக்குள்ளேயே அதைச் செய்யலாம் என்று அதன் 19ஆம் முன்குறிப்பு வழிவிட்டிருக்கிறது. இன்று இணையத்தில் நடக்கும் இத்தகைய பயிற்சிகள் பலவும் அந்த முன்குறிப்பைப் பற்றிக்கொண்டு வளர்ந்தவையே.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி நிறைவோடு எழுத முடிகிறது. மலைப்பொழிவின் அந்த முதல் வாக்கியமான மத்தேயு 5:3இன் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் அடுத்தடுத்து அச்சிட்டுத் தந்திருந்தார்கள். பழைய மொழிபெயர்ப்பு ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்’ என்கிறது. திருவிவிலியம் ‘ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்கிறது. எளிமை என்ற சொல் நம் காதில் ஆடம்பரமின்மையாகத்தான் விழுகிறது. பகட்டில்லாத உடை, அடக்கமான பேச்சு என்று அதற்குச் சில அடையாளங்களை வைத்துக்கொண்டு, அவை நம்மிடம் இருப்பதாகத் திருப்தியும் பட்டுக்கொள்கிறோம். மூலமான கிரேக்கச் சொல்லோ அப்படிப்பட்டதன்று. அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் ஏழையைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘பெனேஸ்’ என்ற வேறு சொல் இருக்கிறது. மத்தேயு பயன்படுத்தும் ‘ப்டோகோஸ்’ என்பது ஒடுங்கிக் குனிந்து கையேந்துபவரைக் குறிப்பது. பிறர் கொடுத்தாலன்றி மறுநாளைப் பார்க்க முடியாதவரை. இந்த வேறுபாட்டை ஒலிப்பதிவில் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை எனக்கு வசதியான பொருளில் வாசித்துவந்தது உறைத்தது. கடவுள்முன் குறைந்த உடைமையோடு நிற்பது வேறு, கையில் எதுவுமே இல்லாமல் நிற்பது வேறு.

இரண்டாம் வாரம் முழுவதும் லூக்கா 18இன் உவமையில் கோவிலுக்குச் செபிக்கப் போகும் பரிசேயரும் (யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றியவர்) வரிதண்டுபவரும்தான். பரிசேயரைக் கேலிப் பொருளாக்காமல் பேசியது இவ்வுரைகளின் சிறப்பு. அவர் வாரத்தில் இருமுறை நோன்பிருந்தார், வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார். பொய் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் இருந்த குறை, கடவுளிடம் கேட்பதற்கு அவருக்கு எதுவும் இல்லாமல் போனதுதான். அவருடைய செபத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: நன்றி இருக்கிறது, விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவரின் கண் இயல்பாகவே பக்கத்தில் நிற்பவரை அளக்கத் தொடங்கிவிடுகிறது என்று உரையாளர் இணைத்துக் காட்டிய இடத்தில் பயிற்சியின் இரண்டு பாதிகளும் முதன்முறையாக ஒன்றையொன்று தொட்டன.

மூன்றாம் வாரத்தில் யோவான் காசியன். எகிப்தின் பாலைவனத் துறவியரிடம் கற்றதை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த அவர், திருப்பாடல் ஒன்றின் ஒரே ஓர் அடியை, கடவுளே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும் என்ற பொருளுடைய அடியை, நாள் முழுவதும் உள்ளத்தில் சுமந்துகொண்டிருக்கும் முறையை விவரிக்கிறார். எண்ணங்களின் செல்வத்தை எல்லாம் துறந்து ஒற்றை அடியின் வறுமைக்குள் மனம் தன்னைச் சுருக்கிக்கொள்வதையே ‘ஏழையரின் உள்ளத்தோர்’ என்ற முதல் பேற்றுக்கான வழியாக அவர் காண்கிறார். சொற்பெருக்கில் பழகிய என்னைப் போன்றோருக்கு இந்த வாரம் பெரும் சோதனையாக இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை: ஒற்றை அடியின் வறுமையைப் பற்றிய அந்த உரைக்குப் பின்னால் தொடக்கம் முதல் இறுதிவரை புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டே இருந்தது. அமைதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையேனும் அமைதியை நம்பிப் பார்த்திருக்கலாம்.

நான்காம் வாரம் இஞ்ஞாசியாரின் ‘இரு கொடிகள்’ தியானம். சாத்தானின் கொடியின்கீழ்ச் செல்வம், அதிலிருந்து வெற்றுப் புகழ், அதிலிருந்து செருக்கு என்ற படிவரிசை ஒருபுறம். கிறிஸ்துவின் கொடியின்கீழ் ஏழ்மை, அதிலிருந்து இகழ்ச்சி, அதிலிருந்து தாழ்ச்சி என்பது மறுபுறம். வழக்கமான விளக்கம்தான், விரைவில் கடந்துவிட்டேன்.

ஐந்தாம் வாரத்தில்தான் இரக்கம் மேடைக்கு வருகிறது. நற்செய்திகளில் இயேசுவின் இரக்கத்தைச் சொல்லும் ‘ஸ்ப்ளாக்னிஸொமாய்’ என்ற வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் மட்டுமே, அதுவும் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரிடம் மட்டுமே வருகிறது. குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினை அது. எபிரேயத்திலும் இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹமீம்’ கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லோடு உறவுடையது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று சொல்லும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த 12 இடங்களில் மூன்று, உவமைகளுக்குள் வருபவை: ஊதாரி மகனின் தந்தை, கடனை மன்னித்த தலைவர், சமாரியர். கடன் உவமையின் கணக்கை உரையாளர் நிதானமாகப் போட்டுக் காட்டினார். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகவே உவமையில் தலைவர் தள்ளுபடி செய்த பத்தாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. அதிலிருந்து விடுவிக்கப்பட்டவர்தான் வெளியே வந்து, 100 தெனாரியம் தர வேண்டியவரின் கழுத்தை நெரிக்கிறார். ஒன்று மற்றொன்றைப்போல் ஆறு லட்சம் மடங்கு. தம் கடன் தள்ளுபடியானது அவர் காதில் விழுந்தது; தாம் கடன்காரராய் இருந்தது மட்டும் மறந்துபோயிற்று. ஆன்மிக ஏழ்மை என்பது அந்த நினைவுதான் என்று எனக்கு விளங்கியது இந்த உரையில்தான்.

யூதர் ஒதுக்கிய சமாரிய இனத்தவர் ஒருவர் வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவும் உவமைக்குத் தரப்பட்ட வாசிப்பும் பாராட்டுக்குரியது. அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்ட அறிஞர், உதவும் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். இயேசு சொல்லும் கதையோ, கேட்பவரைக் குற்றுயிராய் வழியில் கிடப்பவரின் இடத்தில் கிடத்துகிறது. வெறுத்து ஒதுக்கிய ஒருவரின் கையால் எண்ணெயும் திராட்சை இரசமும் காயத்தில் வார்க்கப்படுவதைப் பொறுத்துக்கொண்ட பிறகுதான், ‘நீரும் போய் அப்படியே செய்யும்’ என்ற கட்டளை பொருள்படுகிறது. தமிழில் இரத்தல், இரங்கல் என்ற இரு சொற்களும் காதுக்கு எவ்வளவு அருகில் ஒலிக்கின்றன என்று அன்றிரவு எண்ணிக்கொண்டிருந்தேன். சொற்பிறப்பு எப்படியோ இருக்கட்டும். நற்செய்தியில் இரந்து நிற்கத் தெரிந்தவருக்கே இரங்கவும் தெரிகிறது.

இந்த உயரத்திலிருந்து ஆறாம் வாரம் எங்களைக் கீழே இறக்கிவிட்டது. அந்த வாரத்துக்கான பணி, நாளுக்கு ஓர் இரக்கச் செயலைச் செய்து, அதைத் தரப்பட்ட படிவத்தில் நிரப்பி, வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது. செயல் என்ன, பயன்பெற்றவர் யார், அவர் எவ்வாறு உணர்ந்தார் என்று மூன்று கட்டங்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3ஐ முன்பு தியானிக்கக் கொடுத்தவர்களே இந்தப் படிவத்தையும் அனுப்பினார்கள். இரண்டாம் நாளிலிருந்தே குழுவில் ஒரு மெல்லிய போட்டி தெரிந்தது. ஒருவர் மூதாட்டி ஒருவரைச் சாலை கடக்க உதவியதை எழுத, அடுத்தவர் இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருந்ததை எழுத, கைகூப்பும் சின்னங்கள் குவிந்தன. எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அவர்களில் நானும் ஒருவன். ஆனால் மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதெல்லாம், உதவி பெற்றவரின் முகத்தை என் நற்செயலுக்கான சான்றிதழாக மாற்றுகிறேன் என்ற கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. தமக்கு உரிய அனைத்தையும் வழங்கினாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்று 1 கொரிந்தியர் 13:3 சொல்வது இத்தகைய படிவங்களை முன்கூட்டியே பார்த்துத்தானோ என்னவோ.

இந்த இடத்தில் பயிற்சியைக் காப்பாற்றியவர் எனக்கு வழிகாட்டியாக அமைந்த அருள்சகோதரி. நான் சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நோயாளிகளைச் சந்தித்துச் செபிக்கும் குழுவில் இருக்கிறேன். அங்கே ஒரு முதியவர், நான் செபிக்கத் தொடங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனை வாரம் போனாலும் அதுவே நடந்தது. இரக்கத்துக்குக் கிடைக்கும் பதில் இதுதானா என்ற மனக்குறையோடு இதைச் சகோதரியிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “அவரிடம் நீங்கள் எப்போதாவது எதையாவது கேட்டிருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். புரியாமல் விழித்தபோது, யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்துவிட்டு அடுத்த வாரம் பேசலாம் என்று முடித்துக்கொண்டார். அந்த அதிகாரத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சமாரியப் பெண்ணுக்கு வாழ்வுதரும் தண்ணீரைக் கொடுக்கப்போகிறவர், முதலில் அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். களைத்துப்போய், மொள்ளப் பாத்திரமும் இல்லாமல் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். கொடுப்பவராகவே எல்லா வாசலிலும் போய் நிற்கும் எனக்கு அந்த வரி கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு நான் அந்த முதியவரின் அருகே செபமாலையையும் விவிலியத்தையும் எடுக்காமல் உட்கார்ந்தேன். சிறிது நேரம் அங்கேயே இருக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. அதற்கடுத்த வாரம் மணி என்ன என்று கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரப் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் வெற்றாகவே விட்டுவிட்டேன்.

வழிகாட்டிகளுக்கான பயிற்சி இந்தக் குழுவில் நன்றாகவே நடந்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இஞ்ஞாசியார் தம் 15ஆம் முன்குறிப்பில், பயிற்சி கொடுப்பவர் பெறுபவரை ஏழ்மையின் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமோ தள்ளக்கூடாது, தராசின் முள்போல நடுவில் நின்று, படைத்தவரே தம் படைப்போடு நேரடியாக உறவாட விட்டுவிட வேண்டும் என்கிறார். துறவு வாழ்வில் ஏழ்மை வாக்குறுதி கொடுத்துத் தம்மையும் தம் தோழர்களையும் அதில் நிறுத்தியவர் இதை எழுதியிருப்பதுதான் வியப்பு. சகோதரி அந்த நடுநிலையில் எட்டு வாரமும் வழுவவில்லை. நான் ஒருமுறை மன உந்துதலில் பெரிய முடிவொன்றை எடுக்கப்போவதாகச் சொன்னபோது, அதை இன்னும் சில நாள் செபத்தில் வைத்திருக்கும்படி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அதேபோல், சேருவதற்கு முன் நடந்த உரையாடலில், அண்மையில் பேரிழப்பு ஏதும் நேர்ந்ததா, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறேனா என்று கேட்டார்கள். அப்படி இருப்பின் பயிற்சியைத் தள்ளிவைப்பது நல்லது என்றார்கள். இது மிகவும் தேவையான கேள்வி. தான் ஒன்றுமில்லை என்று ஏற்கனவே நொறுங்கிக் கிடப்பவரிடம் ஆன்மிக ஏழ்மையைப் போதித்தால், அவர் தம் தாழ்வு மனப்பான்மைக்கு அதைத் திருமுழுக்காக எடுத்துக்கொள்ளக்கூடும். கையேந்துபவர் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் கையேந்துகிறார். அந்த நம்பிக்கை இல்லாத வெறுமைக்கு மத்தேயு பேறு எதையும் வாக்களிக்கவில்லை.

ஏழாம் வாரத்தில் இருவர் இடம்பெற்றார்கள். நான்காம் நூற்றாண்டின் எகிப்தில், முன்னாள் கள்வரும் பின்னாள் துறவியுமான மோசே, தவறிழைத்த சகோதரர் ஒருவரை விசாரிக்கக் கூடிய அவைக்கு, ஒழுகும் பாத்திரம் ஒன்றைச் சுமந்துகொண்டு போனார். என் பாவங்கள் என் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்க, அவற்றைக் காணாத நான் இன்னொருவரைத் தீர்ப்பிட வந்திருக்கிறேன் என்றார். ஏழாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய ஆயரான நினிவே ஈசாக்கு, இரக்கமுள்ள இதயம் எதுவென்ற கேள்விக்கு, மனிதருக்காகவும் பறவைகளுக்காகவும் விலங்குகளுக்காகவும் பேய்களுக்காகவும்கூடப் பற்றி எரியும் இதயம் என்று விடையளித்தார். மோசேயிடம் தொடங்கும் ஒருவர் ஈசாக்கிடம் போய்ச்சேர்கிறார் என்பதை அடுத்தடுத்த இரு நாள்களில் உணரவைத்த தேர்வு நேர்த்தியானது. எட்டாம் வாரத்தின் 2 கொரிந்தியர் 8:9, பிலிப்பியர் 2:7 ஆகிய பகுதிகளும் அவ்வாறே. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானவரும், தம்மையே வெறுமையாக்கியவரும் கிறிஸ்துவே ஆகையால், ஏழ்மை மனிதர் கடவுள்முன் ஏற்கும் நிலை மட்டுமன்று, கடவுள் மனிதர்முன் ஏற்ற நிலையும்கூட என்ற இடத்தில் பயிற்சி முடிகிறது.

ஆயினும் எட்டு வாரத்திலும் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்படாமலே இருக்கிறது. மத்தேயுவின் வாக்கியத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள், லூக்கா 6:20ஐ ஒரு நாள்கூடத் தியானிக்கக் கொடுக்கவில்லை. அங்கே ‘ஆவியில்’ என்ற சொல் இல்லை. ‘ஏழைகளே, நீங்கள் பேறுபெற்றோர்’ என்றுதான் இயேசு சொல்கிறார். நான்கு வசனம் தள்ளிச் செல்வர்களுக்கு ஐயோ கேடு என்றும் சொல்கிறார். ஆன்மிக ஏழ்மையை மட்டும் பேசி உண்மையான ஏழ்மையைப் பேசாமல் விட்டால், வசதியுள்ளோர் தங்கள் வசதி எதையும் தொடாமல் உள்ளத்தில் மட்டும் ஏழைகளாகிக்கொள்ளும் சலுகையாக அது மாறிவிடும். உடையின்றி இருப்பவரிடம், தேவையானதைக் கொடுக்காமல், நலமே சென்று குளிர்காய்ந்துகொள் என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதைச் செத்த நம்பிக்கை என்று யாக்கோபு தம் இரண்டாம் அதிகாரத்தில் சாடுகிறார். செசரியாவின் ஆயர் பசிலியார் (இறப்பு 379), பஞ்ச காலத்தின் அனுபவம் அறிந்தவர், நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் மேலாடை ஆடையற்றவனுடையது என்ற பொருளில் மறையுரை ஆற்றினார்; நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றையும் எழுப்பினார். அந்த ஒரு மறையுரையை ஆறாம் வாரத்தில் வைத்திருந்தால், படிவத்துக்குத் தேவையே இருந்திருக்காது. ஏனெனில், பிறருடைய பொருளைத் திருப்பிக் கொடுப்பவர் அதை இரக்கச் செயல் என்று பதிவு செய்ய மாட்டார்.

யாருக்கு இப்பயிற்சியைப் பரிந்துரைப்பேன் என்றால், பிறருக்குப் பணி செய்து செய்து, அந்தப் பணியில் தாம் மட்டுமே கொடுப்பவர் என்ற எண்ணம் தம்மையறியாமல் ஊறிப்போனவர்களுக்கு. ஆறாம் வாரத்தின் வாட்ஸ்அப் பகிர்வை மட்டும் பங்கேற்காமல் தவிர்த்துவிடலாம். கேட்டால் வழிகாட்டி அனுமதிக்கிறார். புதிதாக விவிலியம் வாசிக்கத் தொடங்குபவருக்கு ஒலிப்பதிவுகள் சற்று அடர்த்தியாக இருக்கும். ஒரு மணி நேரச் செபத்தை நாள்தோறும் ஒதுக்க இயலாதவர் சேர்ந்தால், வாராந்திர உரையாடலில் பேசுவதற்கு எதுவும் இருக்காது. அவ்வாறு ஒன்றுமில்லாமல் வந்து உட்கார்ந்தவர்களோடும் சகோதரி நன்றாகவே பேசினார் என்று உடன் பங்கேற்ற ஒருவர் சொன்னார். அந்தப் பங்கேற்பாளருக்குத்தான் பயிற்சியின் முதல் வாரம் என்னைவிட விரைவில் புரிந்திருக்கிறது.

நிறைவு நாளில் கருத்துக் கேட்டபோது, படிவத்தைப் பற்றியும், லூக்காவைப் பற்றியும், புல்லாங்குழலைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். அடுத்த தொகுதியிலிருந்து குழுவில் செயல்களைப் பகிரும் வழக்கம் இருக்காது என்று பதில் வந்தது. லூக்காவைச் சேர்ப்பது குறித்து ஆலோசிக்கிறார்களாம். புல்லாங்குழலைப் பற்றிப் பதில் இல்லை.